கப்பல் பினாங்கில் நிற்கும் ஒரு பகல்: அம்மா அப்பாவை மலைக்கு அழைத்துப் போவதா, ஊருக்குள்ளா?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்கள் பினாங்கில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு பகல்தான். காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடும். எட்டு மணி நேரம் என்று பயண அட்டவணை சொல்லும். இறங்கும் வரிசைக்கும் திரும்பி ஏற வேண்டிய கெடுவுக்கும் போனது போக, கையில் ஆறு மணி நேரம் மிஞ்சினால் நல்லது. எழுபதைத் தாண்டிய பெற்றோரோடு வருகிறவர்கள் அந்த ஆறு மணி நேரத்துக்குள் கொடிமலை என்று நாம் சொல்லும் பினாங்கு மலை, கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில், லிட்டில் இந்தியா என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து நம் முன்னால் நீட்டுவார்கள். சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களுக்காக அந்தப் பட்டியலை வெட்டிக் குறைத்துத் தருவது பினாங்குத் தமிழர்களுக்குப் பழகிப்போன வேலை.

பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்கள் மலையை நினைத்துப் பயப்படுகிறார்கள். மேலே ஏற ரயில் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, சில இடங்களுக்குக் கார் போகும் சாலையும் இருக்கிறது. முதியவர்களை வாட்டுவது ஏற்றமல்ல, அந்த ரயிலுக்கும் லிஃப்டுக்கும் முன்னால் புழுக்கத்தில் நிற்கும் நேரம். ஆகவே உயரத்தையும் புகழையும் ஒதுக்கிவிட்டு வேறு இரண்டைப் பார்க்கச் சொல்வேன். அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்? அம்மாவால் முடியாமல் போனால் எவ்வளவு நேரத்தில் கப்பல் அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கலாம்? இப்படிக் கேட்டால் பட்டியலின் வரிசையே மாறிவிடுகிறது.

கப்பல்கள் வந்து நிற்பது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் கரையிலேயே இருக்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையில். வாசலைத் தாண்டினால் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கென்று எழுப்பிய மணிக்கூண்டு நிற்கிறது. அறுபது ஆண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கோர் அடியாக 60 அடி உயரம். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து லிட்டில் இந்தியா வரை தரை சமம். மலைகளெல்லாம் மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. சாலை காலியாக இருந்தால் அரை மணி நேரம். சனி, ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் மலைப்பக்கம் போகும் ஆயர் ஈத்தாம் சாலையில் அந்தக் கணக்கு செல்லாது.

மலைகளை ஒப்பிடுகிறவர்கள் கணக்கில் சேர்க்காத ஓர் ஏற்றம் துறையிலேயே இருக்கிறது. கப்பலிலிருந்து கரைக்குப் போடும் நடைபாலத்தின் சாய்வு கடல் மட்டத்தோடு மாறும். காலையில் கிட்டத்தட்டச் சமமாக இருந்த பாலம், மாலையில் திரும்பும்போது செங்குத்தாக நிற்கலாம். களைத்த கால்களுக்கு அன்றைய கடைசி ஏற்றம் அதுதான் என்பதால் அதற்கும் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைக்க வேண்டும்.

கொடிமலை

கொடிமலைத் தொகுதியின் உச்சி 833 மீட்டர். ரயில் கொண்டுபோய் விடும் இடம் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, 700 மீட்டரைத் தாண்டியது. ரயில் வருவதற்கு முன்பு வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். ரயில் பாதை போடும் முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முயற்சியில் 1923-இல் வண்டி ஓடத் தொடங்கியது. உங்கள் பெற்றோர் இளவயதில் இங்கே வந்திருந்தால், பாதி வழியில் வண்டி மாறி அரை மணி நேரம் ஊர்ந்து ஏறிய அந்தப் பழைய ரயில் அவர்கள் நினைவில் இருக்கும். 2010-இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2011-இல் வந்த புதிய வண்டி நூறு பேரை ஏற்றிக்கொண்டு, நடுவில் மாறாமல், பத்து நிமிடத்துக்குள் மேலே கொண்டுபோய் விடுகிறது.

இவ்வளவு விரைவாக ஏறுவதால் காது அடைக்கும். வாயில் ஒரு மிட்டாய் இருந்தால் சரியாகிவிடும். இதய நோய் இருக்கிறதே, உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல், கொடிமலை அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஊட்டிக்குப் போய் வந்தவர் இதற்கு அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது அடிவார நிலையத்தின் வரிசைக்கு. வார நாளில் அதிகாலையில் போனால் கூட்டம் இராது. முதல் ரயில் அதிகாலையிலேயே இருக்கிறது, ஆனால் கப்பலில் வருகிறவர்களுக்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை. நீங்கள் கரையிறங்கிப் போய்ச் சேரும் ஒன்பதரை, பத்து மணிக்கு அதே கப்பலிலிருந்து வந்த சுற்றுலாப் பஸ்களும் வந்திருக்கும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் நிற்பது இங்கே அதிசயமே இல்லை. விரைவு வரிசைக்கு என்று தனி டிக்கெட் விற்கிறார்கள், விலை சாதாரண டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதை வாங்க மனம் வராத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கப்பலுக்கு ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள் அடிவாரத்தில் நின்று வெள்ளி (ரிங்கிட்) கணக்குப் பார்ப்பார்கள். இளவயதினருக்கு அந்த டிக்கெட் ஆடம்பரம்தான். முழங்கால் வலியோடு வரும் அப்பாவுக்கு அது மருந்துச் செலவு.

வண்டியின் உட்புறம் சாய்வுக்கேற்பப் படிப்படியாக இருக்கிறது, நடைமேடையும் அப்படியே. கூட்டம் அதிகமானால் உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாதவர் என்றால் கூட்டத்தோடு முண்டியடிக்காமல் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பது நல்லது. சக்கர நாற்காலி இருந்தால் டிக்கெட் வாங்கும்போதே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

மேலே போய்விட்டால் எல்லாச் சிரமமும் மறந்துபோகும். கீழே இருப்பதைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சி. நிலையத்தை விட்டு அதிகம் நடக்காமலே ஜார்ஜ் டவுன் முழுவதும், நீரிணையும், 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமும், அக்கரையில் பட்டர்வொர்த்தும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் கெடா மாநிலத்தின் ஜெராய் மலையும் தெரியும். துறையில் நிற்கும் கப்பலை அங்கிருந்து கண்டுபிடிப்பதில் முதியவர்களுக்குக் குழந்தைகளைப் போல ஒரு மகிழ்ச்சி. உட்கார இடமுண்டு, காப்பி உண்டு, கழிப்பறை உண்டு. சுற்றிவரச் சிறு மின்வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மலைமேல் அருளொளித் திருமுருகன் கோயில் இருக்கிறது, அதை ஒட்டியே ஒரு பள்ளிவாசல். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம், கடைசியில் சிறு ஏற்றம், சில படிகள். நிதானமாகப் போனால் கைத்தடி ஊன்றுகிறவரும் போய்விடலாம். குன்றிருக்கும் இடத்தில் குமரனைப் பார்த்தாக வேண்டும் என்று வரும் பெற்றோருக்கு, பினாங்கில் ரயில் கொண்டுபோய் விடும் முருகன் இவர்தான். இதைத் தெரியாமலேயே பல குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகின்றன.

திரும்பி வருவதுதான் இங்கே கண்டம். பிற்பகலில் மழை இறங்கினால் மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்கு ஓடிவருவார்கள். ரயில் பழுதானாலோ நின்றாலோ சுற்றுலாப் பயணிக்கு வேறு எளிய வழி கிடையாது. தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து ஏறும் ஜீப் பாதை ஒன்று உண்டு. அது மிகச் செங்குத்தானது, வெளியாட்கள் கார் ஓட்டிப் போகும் சாலையும் அல்ல. மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலை வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் கொடிமலைக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுத்துவிடுவேன். பன்னிரண்டு மணிக்குள் கீழே இறங்கிவிடும்படி அமைந்தால் போகலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

மலையிலிருந்து பார்க்கும் காட்சிதான் வேண்டும், வரிசையில் நிற்கவும் முடியாது என்பவர்களுக்கு ஊருக்குள்ளேயே கொம்தார் கோபுரம் இருக்கிறது. 60 மாடிகளுக்கும் மேல் லிஃப்டிலேயே போய்விடலாம். டிக்கெட் விலை கொஞ்சம் எரிச்சலூட்டும். குளிர்காற்றும் கோயிலும் கிடையாது. துறைக்கு மிகப் பக்கம் என்பது மட்டுமே அதன் சிறப்பு.

கெக் லோக் சி

கொடிமலை அடிவாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறது இந்தப் புத்தர் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய கட்டுமானம் இன்றைக்கும் ஏதாவது ஒரு மூலையில் நடந்துகொண்டே இருப்பது போலத் தோன்றும். ஏழு அடுக்குக் கோபுரம் 1930-இல் முடிந்தது. அடி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி. உள்ளே படிகள்தான். வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இங்கே எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கீழே சந்தைப் பக்கத்திலிருந்து கடைகளுக்கு நடுவே படியேறிப் போகும் பழைய வழி முதியவர்களுக்கு ஆகாது. மூச்சு வாங்கும், கடைக்காரர்கள் இழுப்பார்கள், ஆமைக் குளம் வருவதற்குள் அம்மா ஒரு படியில் உட்கார்ந்திருப்பார். காரிலோ வேனிலோ பின்பக்கச் சாலை வழியாக மேலே போய்விட்டால் இதெல்லாம் இல்லை. நடு அடுக்கிலிருந்து மேலே 30.2 மீட்டர் உயரமுள்ள வெண்கலக் குவான் யின் (சீனர்களின் கருணைத் தெய்வம்) சிலைக்குச் சரிவில் ஏறும் லிஃப்ட் ஒன்றும் இருக்கிறது. சில வெள்ளிக் கட்டணம், சில நிமிடப் பயணம்.

சிலை 2002-இல் நிறுவியது, மேலே உள்ள மண்டபம் 2009-இல் முடிந்தது. நேரில் நிற்கும்போது அதன் பருமன் எல்லோரையும் வாயடைக்க வைக்கும். ஆனால் திறந்த வெளி. பதினொரு மணிக்கு மேல் தரையிலிருந்து அடிக்கும் சூடு, தலைக்கு மேல் வெயிலைவிட மோசம். கொடிமலையில் அப்பா நடக்கும்போது அம்மா நிழலில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். இங்கே உட்காருகிறவரும் வேக வேண்டியதுதான். அதனால் தனியாக இதற்கென்று ஒரு பயணம் போடச் சொல்ல மாட்டேன். கொடிமலைக்குப் போய்த் திரும்பும் வழியில், வேன் நேராக மேலே ஏறுமென்றால், முக்கால் மணி நேரம் போதும். சீனப் புத்தாண்டுக் காலத்தில் விளக்கலங்காரம் பார்க்கவே ஊர் முழுவதும் இங்கே கூடும். அந்த நாட்களில் சாலையிலேயே பொழுது போய்விடும்.

தண்ணீர்மலை

தமிழ்ப் பெற்றோரிடம் பினாங்கில் எங்கே போக வேண்டும் என்று கேட்டால், பிள்ளைகள் கைப்பேசியில் தேடி வைத்த எதையும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்மலை முருகன் என்பார்கள். தைப்பூசக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயில் புதிதாகக் கட்டி 2012-இல் குடமுழுக்குக் கண்டது. அடிவாரத்திலிருந்து 513 படிகள்.

பத்துமலையில் இருப்பது 272 படிகள். அங்கே ஏறிவிட்டேன், இங்கேயும் ஏறிவிடுவேன் என்று சொல்லும் தகப்பனாருக்கு இந்த எண்ணைக் காட்ட வேண்டும். "முருகன் ஏற்றிவிடுவான்" என்று பதில் வரும். ஏற்றிவிடுவார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதில்தான் வலி அதிகம், அதுவும் மழை நனைத்த படிகளில் கால் நிலைப்பதே பாடு. கப்பலுக்குத் திரும்ப நேரம் குறித்துக்கொண்டு வந்த நாளில் 513 படிகளைப் பெற்றோருக்குச் சொல்லவே கூடாது. இதில் மட்டும் நான் சமரசத்துக்கு வருவதில்லை.

மறுப்பதை மறுப்பாகச் சொல்லாமல் மாற்றாகச் சொல்ல வழியிருக்கிறது. அதே சாலையில், மலைக்கு எதிரே சமதரையில், நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. 1850-களில் எழுந்தது. தைப்பூசத்துக்கு ஊருக்குள் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் வந்து சேரும் இடம் இதுதான். செட்டிநாட்டு வீடு போன்ற அமைப்பு, மரத் தூண்கள், குளிர்ந்த தரை. உட்கார்ந்து பத்து நிமிடம் கண்ணை மூடினால் மலையேறாத குறை பாதி தீர்ந்துவிடும். மீதி பாதிக்கு, வேனிலிருந்து இறங்காமலே அடிவாரத்தில் நின்று கோபுரத்தைக் கும்பிடலாம். கவனிக்க வேண்டியது நேரம். பினாங்குக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். காலையில் முதலில் இங்கே வந்தால்தான் சாமியைப் பார்க்கலாம். சுற்றுலா முடித்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு வந்தால் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டியிருக்கும்.

சாலையை இன்னும் கொஞ்ச தூரம் தொடர்ந்தால் 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. பெரிய மரங்கள், தார் போட்ட சமமான பாதை, பெஞ்சுகள். என் கணக்கில் பினாங்கிலேயே முதியவர்களுக்கு மிகவும் ஒத்துவரும் இடம் இது. கப்பல் நிறுவனங்களின் சுற்றுலாப் பட்டியல்களில் இதற்கு அவ்வளவு மதிப்பில்லை, ஏனென்றால் இங்கே படம் எடுத்துக் காட்டப் பெரிதாக ஒன்றுமில்லை. குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடும், மாத்திரைப் பையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூச நாளிலேயே கப்பல் வந்து நிற்கிறதென்றால் இந்தப் பகுதியை மறந்துவிடுங்கள். சாலைகள் மூடப்பட்டிருக்கும், வேன் அருகில் வராது.

ஊருக்குள்ளேயே இருப்பது

"கப்பலில் வந்து இறங்கி, வெறும் ஊரையா பார்ப்பது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. லிட்டில் இந்தியாவின் மூலையில் பூக்கடையும் பாத்திரக்கடையும் இடியாப்பம் விற்கும் கடையும் பார்த்தவுடன் அவர்களுக்கு ஊர் பிடித்துவிடும். கடைக்காரர் "வாங்கம்மா, எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். அந்த அரை மணி நேரம் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. நடந்து போகும் தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801-இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் தொடங்கியது. சூலியா தெருவுக்கும் கிங் தெருவுக்கும் சந்திப்பில் சிறியதாக நாகூர் தர்கா. நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவதுண்டு. இவையெல்லாம் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பழைய ஊர்ப் பகுதிக்குள், ஒன்றுக்கொன்று சில நூறு மீட்டருக்குள் இருக்கின்றன.

சமதரை என்றதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகள் வீட்டுக்கு வீடு உயரம் மாறும். ஒரு கடைக்கு அரை அடி ஏற்றம், அடுத்த கடைக்கு ஓர் அடி இறக்கம். நடுவில் மோட்டார் சைக்கிள்கள், சாமான் பெட்டிகள், பக்கத்தில் திறந்த சாக்கடை. சக்கர நாற்காலியோடு அதில் போக முடியாது. சாலையில் இறங்கினால் வெயிலும் வண்டிகளும். ஒரு கிலோமீட்டர் சமதரையில் இருபது முப்பது சின்னப் படிகள் ஒளிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஊருக்குள் நடந்து சுற்றுவது என்ற யோசனையையே விட்டுவிட்டு, பேச்சா என்று இங்கே சொல்லும் மூன்று சக்கர வண்டியை ஒரு மணி நேரத்துக்குப் பேசிக்கொள்ளலாம். இருவர் முன்னால் உட்காருவார்கள், ஓட்டுகிறவர் பின்னால் மிதிப்பார். வேகம் முதியவர்களுக்கு ஏற்ற வேகம். ஏறும்போது காலைக் கொஞ்சம் தூக்கித்தான் வைக்க வேண்டும், அதற்கு ஒருவர் கை கொடுத்தால் போதும். விலையை ஏறுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும், ஒரு வண்டிக்கா ஓர் ஆளுக்கா என்பதையும் சேர்த்து.

சுவரோவியங்கள் முன்னால் வரிசையில் நின்று படம் எடுப்பது பேரப்பிள்ளைகளின் வேலை. கடலுக்கு மேல் கட்டிய சீனக் குல வீடுகளின் மரத்துறைகளில் பலகைகள் சமமாக இல்லை, கைத்தடியின் நுனி இடுக்கில் மாட்டும். பெரானாக்கான் எனும் உள்ளூர்ச் சீன வம்சத்தாரின் மாளிகையில் கீழ்த்தளம் மட்டுமே போதுமான அளவு பகட்டு. மாடிப் படிகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.

ஊர்ப் பக்கம் சாய்வதற்கு என் பெரிய காரணம் கோயிலோ சாப்பாடோ அல்ல. லிட்டில் இந்தியாவிலிருந்து கப்பல் பத்து நிமிடத் தூரத்தில் நிற்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, வெயில் ஏறியதும் கப்பலுக்குத் திரும்பி, சாப்பிட்டு, குளிரூட்டிய அறையில் அவர்கள் வழக்கப்படி ஒரு தூக்கம் போட்டுவிட்டு, நேரமிருந்தால் மறுபடியும் இறங்கலாம். அம்மாவை அறையில் விட்டுவிட்டு அப்பா மட்டும் வரலாம். மலைக்குப் போகும் திட்டம் எதிலும் இந்த வசதி கிடையாது. அங்கே ஒருவர் களைத்தால் எல்லோரும் திரும்ப வேண்டும், அல்லது களைத்தவர் வெளியே காட்டிக்கொள்ளாமல் இழுத்துக்கொண்டே வர வேண்டும். நம் பெற்றோர் இரண்டாவதைத்தான் செய்வார்கள். "முடியுமா அப்பா?" என்று கேட்டால் "முடியும்" என்றுதான் பதில் வரும், பிள்ளை செலவழித்துக் கூட்டி வந்திருக்கிறானே என்று. அப்படிக் கேட்கவே கூடாது. "எனக்குக் கால் வலிக்கிறது, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். அவர் எவ்வளவு வேகமாக நாற்காலியை நோக்கிப் போகிறார் என்பதில் விடை இருக்கும்.

எதில் போவது

கப்பலே நடத்தும் சுற்றுலாவில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. பஸ் தாமதமானாலும் கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போகாது. அதற்கு விலை, நாற்பது பேரின் வேகத்தில் நடப்பது. கொடி பிடித்த வழிகாட்டி முன்னால் போய்க்கொண்டே இருப்பார். பின்தங்குகிற முதியவரைப் பார்த்து மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மெதுவாக நடக்கிறவர்களுக்கென்று தனிச் சுற்றுலா அந்தக் கப்பலில் இருந்தால் யோசிக்கலாம்.

நான் பெரும்பாலும் சொல்வது, ஓட்டுநரோடு வேன். ஐந்தாறு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு வரும் செலவு கப்பல் சுற்றுலாவைவிடக் குறைவாகவே இருக்கும். எத்தனை மணி நேரம், எந்த எந்த இடம், வாகன நிறுத்தக் கட்டணம் உட்பட்டதா என்று முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வேன் தரும் உண்மையான வசதி பயணமல்ல, நிற்கும் இடம். குளிரூட்டி ஓடும் ஓர் இருக்கை எப்போதும் அருகில் காத்திருக்கிறது என்பது முதியவர்களுக்குப் பெரிய தைரியம். தமிழ் பேசும் ஓட்டுநர் கிடைத்தால் அப்பா முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்வார், அன்றைக்கு அவருக்கு வேறு சுற்றுலாவே வேண்டாம்.

கைப்பேசியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டி ஊருக்குள் போதும். மலையடிவாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுக்கும்போது விலையும் ஏறும், வண்டியும் தாமதமாகும். துறைமுகப் படகுத்துறையிலிருந்து கொடிமலை வரை 204-ஆம் எண் பஸ் போகிறது, கட்டணம் மிகக் குறைவு. தனியாக வருகிறவராக இருந்தால் அதையே சொல்வேன். பெற்றோரோடு வருகிறவருக்கு, நின்றுகொண்டே போக வேண்டியிருக்கலாம் என்பதால் சொல்ல மாட்டேன்.

புக்கெட்டிலிருந்து வரும் கப்பலில் இருப்பவர்கள் கடிகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கப்பல் எந்த நேரத்தைக் கடைப்பிடிக்கிறது என்பதை இறங்குவதற்கு முன்பு கேட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசி கரையில் தானாக மாறிக்கொள்ளும்.

முடிவெடுக்க

வார நாள், கப்பல் எட்டு மணிக்குள் வந்துவிடுகிறது, இருவரும் அரை மணி நேரம் நிற்கக்கூடியவர்கள் என்றால் கொடிமலைதான். விரைவு டிக்கெட், நேராக வேன், மேலே முருகன், பன்னிரண்டுக்குள் கீழே. திரும்பும் வழியில் தெம்பு இருந்தால் கெக் லோக் சி, இல்லாவிட்டால் அதைச் சொல்லாமலே கடந்துவிடலாம். அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

சனி, ஞாயிறு, பொது விடுமுறை, பள்ளி விடுமுறை என்றால் கொடிமலையை விட்டுவிட்டு, காலையில் நகரத்தார் கோயில், பிறகு தாவரவியல் பூங்கா, மதியத்துக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு. மலைக்குக் கீழேயே ஒரு நாள் முழுவதும் போகும்.

இருவரில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், மற்றவர் நன்றாக நடப்பார் என்றால், இருவரையும் ஒரே திட்டத்தில் கட்டிவைக்காதீர்கள். பிள்ளைகளில் ஒருவர் நடப்பவரோடு மலைக்குப் போகட்டும், இன்னொருவர் மற்றவரோடு துறையைச் சுற்றியே இருக்கட்டும். பிள்ளை ஒருவர்தான் என்றால் ஊர்தான், பேச்சாவோடு.

மதியம் ஒரு மணிக்கு வந்து இரவில் கிளம்பும் கப்பல்களும் உண்டு. அதைப் பார்த்ததும் பலர் மலைக்கு மாலையில் போகலாம் என்று திட்டமிடுவார்கள், இரவு விளக்குகள் அழகாகத் தெரியுமே என்று. அழகுதான், ஆனால் அந்தி நேரத்தில்தான் உள்ளூர்க் கூட்டமும் மேலே ஏறும். பகல் முழுவதும் விழித்திருந்தவர்கள் இரவில் படிப்படியான நடைமேடையில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கப்பலுக்கு நான் சொல்வது: சாப்பிட்டுவிட்டு அறையிலேயே தூங்கட்டும். ஐந்து மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் இறங்கி, மாரியம்மன் கோயிலில் மாலைப் பூசை, லிட்டில் இந்தியாவில் இரவுச் சாப்பாடு, எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். திரும்பும்போது நடைபாலம் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்று முதலில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு அவர்களை வண்டியிலிருந்து இறக்குங்கள்.